எந்திரம் வந்தது, பயிற்சி எங்கே?

நீங்கள் உடுத்தியிருக்கும் பனியன் கறுப்பு நிறமா? அப்படியானால் அதற்குச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பருத்தி இழை நீரில் எதிர்மின் தன்மை கொள்கிறது. அதற்கு ஏற்றும் சாயமும் எதிர்மின் தன்மை உடையதே. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்வது உப்பு. அடர்ந்த நிறத்திற்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று கொண்டால், ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு ஆகிறது. அத்தனையும் அலசும்போது கழிவு நீரோடு வெளியேறிவிடும்.

இந்த உப்புதான் நொய்யலைக் கெடுத்தது. பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை வெளியே விடாத முறை வந்த பின்னரே அவை மீண்டும் இயங்கின. நுண்ணுயிர்த் தொட்டி, ஆர்.ஓ. சவ்வு, ஆவியாக்கி என்று பெரிய எந்திர வரிசை அங்கே வேலை செய்கிறது. பாராட்ட வேண்டிய சாதனைதான்.

ஆனால் பாராட்டுவோர் பெரும்பாலும் எந்திரத்தின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். அதை இயக்குபவர் என்ன கற்றிருக்கிறார் என்று கேட்பவர் குறைவு. பசுமைப் பணிகளுக்கான திறன் மன்றம் நம் நாட்டில் 2015-இல் அமைந்தது. எனினும் 'பசுமைத் திறன்' என்றதும் சூரிய மின்பலகையும் சுத்திகரிப்பு நிலையமுமே நம் நினைவுக்கு வருகின்றன. சாயத் தொட்டியருகே நிற்பவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் குறை இதுதான்.

நிறம் ஒத்துவரவில்லை என்று ஒரு துணிக்கு மறுபடியும் சாயம் ஏற்றினால் என்ன ஆகும்? உப்பு, நீர், வெப்பம் எல்லாமே மீண்டும் செலவு. அந்த உப்பு நீரை ஆவியாக்க எரிபொருளும் வேண்டும். முதல் முறையே சரியான நிறம் கொண்டுவரும் கைத்திறன், ஆவியாக்கியின் சுமையைத் தொடக்கத்திலேயே குறைத்துவிடுகிறது. வெளுப்புத் தொட்டியின் குளோரின் நீரை ஒருவர் அறியாமல் திறந்துவிட்டாலோ, நுண்ணுயிர்கள் மடிந்து சுத்திகரிப்பே தடுமாறும். சவ்வின் அழுத்தமானி மெல்ல ஏறுவதைக் கவனிக்காமல் விட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்ற வேலைகளா?

இன்னொன்று உயிர் பற்றியது. சாயத்திற்குப் பயன்படும் கிளாபர் உப்பு ஒரு சல்ஃபேட். காற்றுப் புகாத கழிவுத் தொட்டியில் சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. இது காற்றைவிடக் கனமானது; தொட்டியின் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது! 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைப்பவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். வாயுமானியால் அளந்து, காற்றோட்டம் கொடுத்து, மேலே ஆளை நிறுத்தாமல் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கணக்கில் படிப்பு வேண்டியதில்லை.

ஆனால் எந்த மொழியில் சொல்வது? திருப்பூர்த் தொழிலாளர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் ஏராளம். தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்கு வெறும் தகரம். இந்தியிலும் ஒடியாவிலும் படம் போட்ட பாடம், தொட்டியருகே நின்றபடியே, வேலை நேரத்திற்குள், கூலி பிடிக்காமல் நடக்க வேண்டும்.