கரையில் நிற்பவர்கள்

நார்வேயின் மேற்குக் கரையோரமாகக் கப்பலில் ஒரு சுற்றுப் போய்வந்தபோது நானும் ஒரு பிரயாணக் கட்டுரை எழுதினேன். பத்திரிகையில் அச்சாயிற்று. நாலைந்து வாசகர்கள் நன்றாயிருந்தது என்று கடிதமும் போட்டார்கள். அதைப் புத்தகத்தில் சேர்த்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னதன் பேரில் எடுத்துப் படித்துப் பார்த்தேன். சேர்க்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்கு, அதே சமயத்தில் நான் இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்த இப்ஸன் நாடகம் ஒன்றுதான் காரணம்.

என் கட்டுரையில் பொய் ஒன்றும் இல்லை. பெர்கன் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் மரக் கட்டடங்களைப் பற்றி எழுதியிருந்தேன். 1360 வாக்கில் ஜெர்மன் ஹன்ஸா வர்த்தகர்கள் அங்கே கிடங்கு வைத்து, வடக்கேயிருந்து வந்த உலர்ந்த மீனை வாங்கி ஐரோப்பாவுக்கு விற்றார்கள் என்றும், 1702ல் எல்லாம் எரிந்துபோய்த் திரும்பக் கட்டப்பட்டது என்றும் எழுதியிருந்தேன். ஃபியர்டு என்பது பனியாறு பல்லாயிரம் வருஷம் அறுத்துவைத்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்துகொண்டதால் உண்டானது என்ற பூகோளப் பாடமும் இருந்தது. கெய்ராங்கர் ஃபியர்டில் ஏழு சகோதரிகள் அருவியைக் கண்டு வாயடைத்துப் போனதாக ஒரு பாரா. ‘கண்கொள்ளாக் காட்சி’ என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.

ஒரு ஹாஸ்யமும் எழுதியிருந்தேன். அந்த ஃபியர்டின் செங்குத்தான மலையில், தண்ணீருக்கு மேல் ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில், ஸ்காகெஃப்ளோ என்ற பண்ணைவீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரி வசூலிக்கிறவன் வந்தால் வீட்டுக்காரர்கள் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னதும் கப்பல் தட்டில் எல்லோரும் சிரித்தோம். 1916ல் அந்த வீட்டை விட்டுவிட்டு ஜனங்கள் இறங்கிப் போய்விட்டார்கள் என்பதையும் வழிகாட்டி சொன்னார். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. பக்கத்து டாஃப்யோர்டில் 1934ல் மலை சரிந்து தண்ணீரில் விழுந்து, எழுந்த அலையில் 40 பேர் மாண்டார்கள். அதுவும் என் கட்டுரையில் இல்லை. மலை எனக்குக் காட்சி. அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அது என்ன என்று நான் கேட்கவே இல்லை.

இப்ஸனை நம் வாசகர்களுக்குப் ‘பொம்மை வீடு’ எழுதியவராகத் தெரியும். நான் சொல்லும் நாடகம் 1888ல் வெளிவந்த ‘கடலிலிருந்து வந்தவள்’. ஃபியர்டின் உள்கோடியில் ஒரு சிற்றூர். கோடைகாலத்தில் உல்லாசப் பிரயாணிகளின் கப்பல்கள் வந்து போகின்றன. ஆனால் நாடகம் கப்பலில் நடக்கவில்லை. கரையில், ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் நடக்கிறது. கப்பலிலிருந்து பார்க்கிறவர்களைக் கரையிலிருந்து பார்க்கிறோம். இந்த ஒரு திருப்பம் போதும், என் கட்டுரையைக் கிழித்துப் போட.

டாக்டர் வாங்கெலின் இரண்டாம் மனைவி எல்லிடா. வெளிக்கடலோரத்தில் கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தினம் ஃபியர்டில் குளிக்கிறாள். ஆனால் அந்தத் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பாக, சோர்ந்து கிடக்கிறது; இது நோய்த் தண்ணீர் என்கிறாள். ‘கண்ணாடி போல் அசையாத நீர்’ என்று நான் வியந்து எழுதிய அதே தண்ணீர்தான்! கடலுமில்லாமல் ஏரியுமில்லாமல் இரண்டுங்கெட்டானாக இருக்கும் அந்த நீர், பழைய காதலையும் விடமுடியாமல் புதிய வீட்டிலும் ஒட்டமுடியாமல் இருக்கிற இவளுடைய நிலையாகவே ஆகிவிடுகிறது. இயற்கை வர்ணனை என்று நாம் தனியாக ஒட்டவைக்கிற சமாசாரம் இதில் கிடையாது.

பாலஸ்டெட் என்று ஒரு துணைப் பாத்திரம். நாடகக் கோஷ்டியோடு வந்தவன். கோஷ்டி போய்விட்டது, இவன் தங்கிவிட்டான். படம் வரைகிறான், முடி வெட்டுகிறான், நாட்டியம் கற்றுக்கொடுக்கிறான், கப்பல் வந்தால் வழிகாட்டியாகிவிடுகிறான். இந்த ஊருக்குப் பழகிப் போய்விட்டது என்று சொல்ல வருகிறபோது மட்டும், அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் அவன் நாக்கில் தடுக்கும். சிரிப்பு வருகிறது, பிறகு மனசு கஷ்டப்படுகிறது. எந்தத் துறைமுகத்திலும் இவனைப் பார்க்கலாம். நானும் பார்த்தேன், சில்லறை கொடுத்தேன், மறந்துவிட்டேன்.

நாடகத்தில் குறை இல்லாமல் இல்லை. எல்லிடாவைத் தேடி ஒரு மாலுமி வருகிறான். எப்போதோ மோதிரங்களைக் கோத்துக் கடலில் எறிந்து அவளைத் தனக்கு நிச்சயித்துக்கொண்டவன். இவன் மனிதன்தானா, மேடைக்காக ஜோடித்த பூதமா என்று சந்தேகம் வருகிறது. உன் இஷ்டம்போல் நீயே தீர்மானித்துக்கொள் என்று கணவன் விட்டுக்கொடுத்ததும், எல்லிடாவைப் பிடித்திருந்த மயக்கம் சட்டென்று தெளிந்துவிடுகிறது. டாக்டர் வீட்டு நாடகம் என்பதால் மருந்து உடனே வேலை செய்துவிட்டது போலும்! விமர்சகர்கள் இந்தச் சுதந்திரத் தீர்மானத்தைத்தான் நாடகத்தின் சாரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் மனசில் நிற்பவள் போலெட். டாக்டரின் மூத்த தாரத்துப் பெண். தோட்டத்தில் ஒரு குளம், அதில் வளர்ப்புக் கெண்டைகள். பக்கத்திலேயே ஃபியர்டில் கடல் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து போகின்றன. இவற்றுக்கு அது தெரியாது. நாமும் இந்த மீன்கள் மாதிரிதான் என்கிறாள். உலகமே கோடையில் உங்கள் ஊருக்கு வருகிறதே என்று அவளுடைய பழைய வாத்தியார் ஆர்ன்ஹோம் சொல்கிறார். அவர்கள் நடுராத்திரிச் சூரியனைப் பார்க்கப் போகிற வழியில் இங்கே நிற்கிறார்கள், நம்மை அழைத்துக்கொண்டா போகிறார்கள் என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. கப்பல் தட்டில் நின்று கை அசைத்தவர்களில் நானும் ஒருவன். கரையிலிருந்து பதிலுக்குக் கை அசைத்த ஒரு பெண்ணையும் எழுதியிருந்தேன். ‘மகிழ்ச்சி நிறைந்த முகம்’ என்று!

உலகத்தைக் காட்டுகிறேன், படிக்கவைக்கிறேன் என்கிறார் வாத்தியார். அவள் துள்ளுகிறாள். பிறகுதான் அவர் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார். அவள் அதிர்ந்துபோய் மறுக்கிறாள். கல்யாணம் இல்லாமலே உதவுகிறேன் என்கிறார்; அதைக் கேட்ட பிறகு அந்த உதவியை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. அப்பாவுக்குப் பின் உன் கதி என்ன என்று அவர் மெதுவாக எடுத்துச் சொல்ல, கடைசியில் சம்மதிக்கிறாள். சம்மதித்துவிட்டு, இனி உலகத்தைப் பார்ப்பேன் என்று சந்தோஷமும் படுகிறாள். டிக்கெட்டின் விலை அது. எல்லிடா சுதந்திரமாகத் தங்குகிற அதே அங்கத்தில், போலெட் விலை கொடுத்துப் புறப்படுகிறாள். இப்ஸன் இதற்கு விளக்கம் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. பருவத்தின் கடைசிக் கப்பல் ஃபியர்டை விட்டுப் போகிறது, திரை விழுகிறது.

நாடகத்தையும் பிரயாணக் கட்டுரையையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். இப்ஸனும் அந்தச் சமயத்தில் ஒருவகைப் பிரயாணிதான். 1864ல் நாட்டை விட்டு இத்தாலி, ஜெர்மனி என்று வாழ்ந்துகொண்டிருந்தவர், 1885 கோடையில் மோல்டே என்ற ஃபியர்டு ஊரில் வந்து தங்கிப் போனார். நாடகத்தை ம்யூனிக் நகரில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் சிறு வயதில் கிரிம்ஸ்டட் துறைமுகத்தில் மருந்துக்கடைப் பையனாக இருந்தவர். வருகிற கப்பலைக் கரையிலிருந்து பார்த்த கண் அவருக்கு மறந்துபோகவில்லை.

அந்தக் கண் இல்லாதவர்கள் விசாரித்தாவது தெரிந்துகொள்ளலாம். 1955ல் பெர்கனின் பழைய துறைமுகத்தில் மறுபடி தீப்பிடித்தது. எரிந்த இடத்தைத் தோண்டினபோது ரூன் எழுத்துக்கள் கீறிய மரத்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சரக்குச் சீட்டுகள், காதல் பேச்சு, வேண்டுதல்கள். ஒன்றில், உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் கீடா என்று ஒரு செய்தி. கணவனுக்கோ மகனுக்கோ, யாருக்கோ. ஹன்ஸா வர்த்தகம் பற்றி நான் எழுதிய முழுப் பாராவையும்விட அந்தத் துண்டு துறைமுகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. அது இருக்கிற ஊரில்தான் நான் ஒரு பகல் பூராவும் சுற்றினேன்.

1990களில் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த பிரிக்ஸ்டால் பனியாறு இன்று பாறைமேல் ஏறிப் பின்வாங்கிவிட்டது. சீக்கிரம் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் பிரயாணிகளுக்கு வந்திருக்கிறது. பார்த்து எழுதவும் செய்வார்கள். எழுதுகிறவர்கள் போவதற்கு முன் இந்த நாடகத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம். நான் வந்த பிறகு படித்தேன். அந்தக் கட்டுரை பழைய பத்திரிகையிலேயே இருக்கட்டும்.