பதிமூன்றாவது பைட்

சி மொழியில் எழுதிய நிரல் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஃப்ரீ என்ற சொல்லைத்தான். மாலாக் போட்டு நினைவகத்தில் இடம் கேட்பது யாருக்கும் வரும். வாங்கிய இடத்தை ஃப்ரீ போட்டு எந்த வரிசையில் திருப்பிக் கொடுக்கிறார் என்பதில்தான் எழுதியவரின் கைத்திறன் தெரியும்.

ஒரு வகுப்பின் மாணவர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு ஸ்ட்ரக்ட்: பெயர் இருக்கும் முகவரிக்கு ஒரு பாயிண்டர், மதிப்பெண்ணுக்கு ஒரு இன்ட். 64 பிட் கணினியில் பொதுவாகப் பாயிண்டருக்கு 8 பைட், இன்ட்டுக்கு 4, அடுத்த ஸ்ட்ரக்ட் சரியான இடத்தில் தொடங்க 4 பைட் இடைவெளி. ஆக 16. நூறு பேரின் ஸ்ட்ரக்ட்டுகளை அடுக்கும் அரேவுக்கு ஒரே மாலாக்கில் 1,600 பைட் வாங்கிவிடலாம். ஆனால் அதில் ஒரு பெயருக்குக்கூட இடமில்லை. கைக்கு வந்தது முகவரிப் புத்தகம். வீடுகளை ஒவ்வொன்றாகத்தான் கட்ட வேண்டும்.

‘மலர்’ என்ற பெயரைப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் ம, ல, ர, புள்ளி என நான்கு குறிகள். தலா 3 பைட் வீதம் 12. நீளம் அளக்கும் ஸ்டர்லென் சொல்வதும் 12தான். பெயர் இங்கே முடிகிறது என்று காட்டும் சுழி பைட்டையும் நினைவில் வைத்து 13 கேட்கிறாரே, அவர்தான் தேர்ந்தவர்.

பட்டியல் நூறைத் தாண்டினால், இடத்தைப் பெரிதாக்க ரீயாலாக். அரே முழுவதும் வேறிடத்துக்குப் போகலாம், பெயர்கள் அசையாது. புத்தகத்தை மாற்றினால் வீடுகள் நகர்ந்துவிடுமா? தேர்ந்தவர் ரீயாலாக் தருவதைத் தனிப் பாயிண்டரில் வாங்கிப் பார்ப்பார். இடம் கிடைக்காமல் வெற்றுப் பாயிண்டர் வந்தாலும் பழைய அரே தொலையாது.

கடைசியில், பட்டியலைக் கலைக்கும் அழகு. முதலில் பெயர்கள் ஒவ்வொன்றாக, அப்புறம்தான் அரே. மாற்றிச் செய்தால் பெயர்களுக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். நிரல் முடியும்வரை அவை யாருக்கும் உதவாமல் இடத்தை அடைத்துக் கிடக்கும்.

பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இந்த மொழி, ஸ்ட்ரக்ட் சேர்ந்து வலுப்பெற்ற பிறகே 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவைத் தாங்கியது. அன்றும் இன்றும் அது நமக்குப் பின்னால் வந்து கூட்டிப் பெருக்குவதில்லை. அந்தப் பொறுப்பை எழுதுபவரை நம்பி விட்டிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சி கற்கும் தம்பி தங்கைகளே, மாலாக் எழுதிய கையோடு அதற்குரிய ஃப்ரீயையும் எழுதிவிடுங்கள். நடுவில் வருவதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.