சேர்த்த பொருள் எங்கே போயிற்று?

ஆக்சைடுத் தூளுடன் சிறிதளவு வேற்றுப் பொருளைச் சேர்த்தால் அதன் பண்புகள் மாறும் என்று மாணவர் படிக்கிறார்கள். இது தவறன்று, ஆனால் பாதி உண்மையே. 'எவ்வளவு' என்பதைச் சொல்லும் இவ்விளக்கம், 'எங்கே' என்பதை விட்டுவிடுகிறது. நானோ தூள்களைப் பொறுத்தவரை இது பெருங்குறை.

சான்றாக, அலுமினாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாத் தூளுடன் அரை விழுக்காட்டுக்கு மேற்படாத மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துச் சுட்டு, ஒளி ஊடுருவும் பீங்கானை உருவாக்கினார். 1962-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. உயரழுத்தச் சோடிய ஆவி விளக்கின் உட்குழாய் இதனால் ஆனதே. மக்னீசியம் இல்லாவிடில், சுடும்போது சில படிகமணிகள் வேகமாகப் பெருத்து, நுண்துளைகளைத் தம்முள் சிறைப்படுத்திவிடும். அத்துளைகள் ஒளியைச் சிதறடிக்கும். மக்னீசியம் மணிகளின் எல்லைகள் விரைந்து நகராமல் தடுக்கிறது. எவ்வாறு தடுக்கிறது என்பது பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது.

மக்னீசியம் அயனி அலுமினியம் அயனியைவிடப் பெரியது. மின்னேற்றமோ 3 அன்று, 2. ஆகவே படிகத்தின் உட்புறம் அதற்கு வசதியான இடமன்று. ஒழுங்கு குலைந்த மேற்பரப்பிலும் மணி எல்லைகளிலும் அது ஒதுங்குகிறது. அவ்வாறு ஒதுங்கும் பொருள் அப்பரப்பின் ஆற்றலைக் குறைக்கும். சோப்பு நீரின் மேற்பரப்பில் திரள்வதும் இவ்வகையே. இதன் அடிப்படை விதியைக் கிப்ஸ் 1870-களிலேயே வகுத்தார்.

இனி ஒரு கணக்கு. 1 மைக்ரான் விட்டமுள்ள மணிகள் கொண்ட 1 கிராம் அலுமினாவின் பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். விட்டம் 10 நானோமீட்டரானால் பரப்பு 150 சதுர மீட்டர். இரண்டிலும் 0.1 விழுக்காடு மக்னீசியம் ஆக்சைடு சேர்ந்து, அது முழுவதும் மேற்பரப்புக்கு வந்தால், முதல் தூளில் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 அயனிகள் கிடைக்கும். பரப்பை மூட அது போதும். இரண்டாவதிலோ 10 சதுர நானோமீட்டருக்கு ஒரே ஓர் அயனிதான்! எழுதப்படும் அளவு ஒன்றே. நிலைமையோ நூறு மடங்கு வேறு. பெருமணித் தூளின் செய்முறையை நானோ தூளுக்கு அப்படியே பெயர்த்து எழுதுவது எப்படிப் பொருந்தும்?

மற்றொரு பழக்கமும் கண்டிக்கத்தக்கது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேறு சேர்மத்தின் கோடுகள் இல்லாவிட்டால், சேர்த்தது முழுவதும் உள்ளே கரைந்துவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். பரப்பில் ஓரிரு அணுத் தடிப்பில் படிந்த பொருள் தனிக் கோடு காட்டாது. கோடு இல்லாமை கரைந்ததற்குச் சான்றாகாது.

மேற்பரப்பும் மணி எல்லையும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மேற்பரப்பில் ஒதுங்கிய பொருள் அதன் ஆற்றலைக் குறைப்பதால், துகள்கள் ஒன்றோடொன்று இணையும் தூண்டல் தளரும். தூள் நுண்மையாகவே நிற்கும். எல்லையில் ஒதுங்கினால் மணிகள் பெருக்கும் தூண்டல் தளரும். நுண்மணிகளாகவே இறுகும் வாய்ப்பு கூடும். சுடும்போது மேற்பரப்பு அழிந்து எல்லைகள் தோன்றுவதால், சேர்த்த பொருளும் இடம் மாறியாக வேண்டும்.

ஆகவே, நானோ தூளைப் பற்றி எழுதுவோர் மூன்று செய்திகளைச் சேர்த்தே தர வேண்டும்: எவ்வளவு சேர்த்தார்கள், தூளின் பரப்பு எவ்வளவு, சேர்த்தது எங்கே நிற்கிறது. மூன்றாவதற்கு விடையில்லாத விளக்கத்தை மாணவர்கள் ஐயத்தோடு படிப்பதே நன்று.