கற்றலின் அளவும் காலத்தின் அளவும்: வடசென்னைக் கல்லூரிகளை முன்வைத்து

தேசிய மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழு 1994-இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. அது 2017-இல் திருத்தியமைத்த மதிப்பீட்டு முறையை அறியாத கல்லூரி ஆசிரியர் இலர் எனலாம். ஏழு அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண்கள். இணைவுபெற்ற கல்லூரிகளைப் பொறுத்தவரை அவற்றுள் 350, கற்பித்தல், கற்றல், மதிப்பிடுதல் ஆகியவை அடங்கிய இரண்டாம் அளவுகோலுக்கு உரியவை. கல்லூரியின் நீண்டகாலத் திட்டமோ, நிருவாகத்தைப் பற்றிய ஆறாம் அளவுகோலில் ஒரு சிறு கூறாக வைக்கப்பட்டது. மாணவர் என்ன கற்றார் என்பது ஒரு கோப்பில். கல்லூரி இனி என்ன செய்யப்போகிறது என்பது மற்றொரு கோப்பில். முதற்கோப்பைப் படித்துத்தான் இரண்டாவது எழுதப்பட்டதா என்னும் வினா வலுவாக எழுப்பப்படவில்லை. இம்முறையில் நாம் காணும் அடிப்படைக் குறை இதுவே. (ஆய்வுக்குழுவினர் சிலர் 2025 பிப்ரவரியில் கையூட்டுக் குற்றச்சாட்டில் கைதானதை நாளேடுகள் விரிவாகப் பேசின. நம் விமர்சனம் அதைப் பற்றியதன்று. கையூட்டே இல்லாவிடினும் இக்குறை அப்படியே இருக்கும்.)

இதனை வடசென்னையில் நின்று நோக்குவது பொருத்தமானது எனக் கருதுகிறோம். பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-இல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி, பிராட்வேயில் 1964 முதல் இயங்கும் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் 1973-இல் தோன்றிய டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகியவை இப்பகுதி மக்களின் பிள்ளைகள் நாடிவரும் இடங்கள். காசிமேட்டு மீனவர், துறைமுகச் சுமைத் தொழிலாளர், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரின் வீடுகளிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் பலர் இங்கு வருகின்றனர்.

இத்தகைய மாணவரைக் குறிக்க அந்த மதிப்பீட்டு முறையில் ஒரு சொல் உண்டு: ‘மெதுவாகக் கற்போர்’. மாணவரின் கற்றல் நிலையை அறிந்து, விரைந்து கற்போருக்கும் மெதுவாகக் கற்போருக்கும் தனித்தனி ஏற்பாடு செய்கிறீர்களா என்று கல்லூரி கேட்கப்பட்டது. கேள்வியின் நோக்கம் நல்லதே. ஆனால் ‘மெது’ என்பது யாருடைய இயல்பு என்று ஆராயாமலே அச்சொல் மாணவர்மேல் ஒட்டப்படுகிறது. பட்டியல் தயாராகிறது, மாலையில் சில சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன, நிழற்படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கப்படுகிறது. மாலையில் வேலைக்குப் போகும் மாணவனே அப்பட்டியலில் முதலாவதாக இருப்பான் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

இவ்விடத்தில் பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியாளரை நினைவுகூர்வது தகும். 1956-இல் அவரும் உடன்பணியாளரும் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடுதான், இன்று ஒவ்வொரு பாடத்திட்டத்தின் தலைப்பிலும் ‘கற்றல் விளைவுகள்’ என்று எழுதப்படும் வரிகளுக்கு மூலம். 1957-58-இல் அவர் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தம் குறித்த பயிலரங்குகளை நடத்தினார். ஆனால் அதே புளூம் 1968-இல் வேறொன்றும் எழுதினார். போதிய நேரமும் தக்க உதவியும் கிடைப்பின் மிகப் பெரும்பாலான மாணவர் எதையும் தேர்ச்சியோடு கற்கமுடியும்; மாணவருக்கு மாணவர் வேறுபடுவது பெரிதும் அவர்களுக்குத் தேவைப்படும் நேரமே என்பது அவர் வாதம். நம் கல்வித்துறை அவருடைய படிநிலைகளை எடுத்துக்கொண்டது, நேரத்தை விட்டுவிட்டது. பாடத்திட்டம் எழுதுவோர் ‘நினைவுகூர்தல்’, ‘பகுத்தாய்தல்’ என்னும் வினைச்சொற்களைத் தேடித்தேடிச் சேர்க்கின்றனர். விளைவுகள் எய்தப்பட்டனவா என்பதோ பெரும்பாலும் பழைய 25-க்கும் 75-க்குமான தேர்வு மதிப்பெண்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மதிப்பெண்ணை வேறொரு பெயரால் மறுபடி எழுதுவதே அது. புதிதாக எதையும் அறிவதன்று.

வடசென்னை மாணவருக்குக் குறைவாக இருப்பது நேரமே. விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் தாய்க்குத் துணைநிற்பவள், காலை வகுப்பில் உறக்கத்தோடு போராடுகிறாள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னே பேருந்து நிற்கும்போது, அதனுள் முதல் வகுப்பு கழிந்துவிடுகிறது. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை வந்தது உண்மையே. எனினும் எல்லார் கைக்கும் அக்கட்டணம் எட்டுவதில்லை. மேலும், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாயிருந்த இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. பருவத்தேர்வும், புதிய சேர்க்கையும், கட்டணம் செலுத்தும் நாள்களும் இதே வாரங்களில்தான் வருகின்றன. வீட்டில் வருவாய் நின்றிருக்கும் காலத்தில் கல்லூரி கேட்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அம்மாத இறுதியில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். அவ்வாண்டின் வருகைப்பதிவை மட்டும் படிப்பவர் இவற்றுள் எதையும் அறியமாட்டார்.

திட்டமிடுதலின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேடில் வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. பச்சையப்பன் கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது. உயர்நீதிமன்ற வளாகத்திலிருந்த சட்டக் கல்லூரியும், மாணவர் எதிர்ப்புக்கிடையே, 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிக்கப்பட்டது. இம்மூன்றும் சிந்தித்துச் செய்த முடிவுகளே. குறிப்பாகத் தாம்பரம் சென்றதை எளிதில் குறைகூற நாம் துணியோம். நகர நெரிசலைவிட்டு, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தங்கிப் பயிலும் வளாகம் வேண்டும் என்ற எண்ணத்தில் ஆழ்ந்த கல்வி உணர்வு இருந்தது. 1931-இல் வெளியான லிண்ட்சே குழுவின் அறிக்கையும் கிறித்தவக் கல்லூரிகளுக்கு அத்தகைய விடுதி வாழ்வையே வற்புறுத்தியது. விடுதி என்பது மாணவனுக்கு நேரத்தைத் தருவது. கற்றலுக்கு நேரம் வேண்டும் என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தனர். ஆனால் அந்த நேரம் விடுதிக்குள் வர இயன்றோருக்கே கிடைத்தது. ராயபுரத்துப் பிள்ளைக்கோ கல்லூரி முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போயிற்று. திட்டம் கல்லூரிக்கு நன்மை செய்தது. அது நீங்கிச்சென்ற தெருவுக்கு என்ன ஆயிற்று என்பது எந்த அறிக்கையிலும் ஒரு கூறாக இல்லை.

பின்னர் வந்த கல்லூரிகள் இடம்பெயரவில்லை. இருக்கும் இடத்திலேயே நேரத்தைப் பகிர்ந்தன. காலை, பிற்பகல் என்னும் சுழற்சி முறை வகுப்பறைப் பற்றாக்குறையால் எழுந்த ஏற்பாடு. ஆயினும் அதில் ஒரு திறவுகோல் உண்டு. எந்தச் சுழற்சியில் சேர்வது என்பதை மதிப்பெண் வரிசை முடிவுசெய்யாமல், மாணவரின் வேலைநேரம் முடிவுசெய்யுமானால், அது உண்மையான திட்டமிடுதலாகும். அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. இதனைப் பண உதவி என்றே கூறுகின்றனர். ஒரு மாணவி அப்பணத்தால் வாரத்தில் ஒருநாள் வேலையைத் தவிர்க்க முடியுமாயின், அது நேர உதவியும் ஆகும். அவ்வாறு நிகழ்கிறதா என்று ஒரு கல்லூரியாவது தன் மாணவியரைக் கேட்டு எழுதியிருப்பின், அதைவிடச் சிறந்த மதிப்பீட்டை நாம் எதிர்பார்க்கமாட்டோம்.

2024 சனவரியில் தரவரிசை எழுத்துகளைக் கைவிட்டு, அங்கீகாரம் உண்டு, இல்லை என்னும் இருநிலை முறைக்கு மாறப்போவதாக மேற்படி குழு அறிவித்தது. புதிய படிவங்கள் தரவுகளையே பெரிதும் நம்பும் என்கின்றனர். அப்படியாயின் சேர்க்கைப் படிவத்திலேயே மூன்று கேள்விகளைச் சேர்ப்பது கடினமன்று: வீட்டிலிருந்து கல்லூரிக்கு எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை மணி வேலை, வேலை எந்நேரத்தில். முதற்பருவ மதிப்பெண்ணை இவ்விடைகளோடு சேர்த்து ஆசிரியர் கூட்டத்தில் படித்துப் பார்க்கட்டும். ‘மெதுவாகக் கற்போர்’ பட்டியலில் எத்தனை பெயர் எஞ்சும் என்பது அப்போது தெரியும். கால அட்டவணையை மாற்றப் பல்கலைக்கழகத்தின் இசைவு வேண்டியிருக்கலாம். கல்லூரி தானே வாங்கும் கட்டணத்துக்கு ஜூன் 14-க்குப் பின் ஒரு தவணை வைக்க, நிருவாகக் குழுவின் ஒரு கூட்டமே போதும்.