வெறியாட்டும் நெஞ்சுப் படபடப்பும்

மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்தேன். அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்ததைக் கரும்பலகையில் எழுதி முடித்தேன்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. “மேடம், மூச்சு வரல. செத்துருவேன் போலிருக்கு” என்றாள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றாள் ஒருத்தி, மாதவிடாயாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. நான் என் பங்குக்கு, “டென்ஷன் ஆகாதம்மா, ஒண்ணுமில்ல” என்றேன். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிட்டு அவர்களும் அதையே சொன்னார்கள். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு முறை வந்தது. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதற்கும் அடங்காததால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

பதினைந்து ஆண்டுகளாக வெறியாட்டுத் துறையை நடத்தி வருகிறேன். மகள் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்று விடை வர, வேலன் வருகிறான், மறி அறுபடுகிறது. காரணம் காதல் என்பது தோழிக்கும் தலைவிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வகுப்பே தாயைப் பார்த்துச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாயின் இடத்தில் நான்தான் நின்றிருந்தேன் என்பது புரியச் சில வாரங்கள் ஆயின.

அதற்குப் பிறகுதான் வெறிபாடிய காமக்கண்ணியாரை ஒழுங்காகப் படித்தேன். வெறியாட்டைப் பாடியதாலேயே அப்பெயர் பெற்றவர், பெண்பாற் புலவர். அகநானூற்றில் அவருடைய 22ஆம் பாட்டை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். இரவில் தலைவன் வந்து சேர, வீணாய்ப்போன வேலனை எண்ணித் தலைவி சிரிக்கும் பாட்டு அது. எனக்கு முக்கியமாகப்படுவது 98. வெறியாடியும் மேனி தேறாவிட்டால் ஊர் அலர் தூற்றும். தேறிவிட்டாலோ, அவள் நோய் வேறெதனாலோ வந்தது என்று அவன் கேள்விப்படுவான், அதன்பின் உயிர்வாழ்வது அலரைவிடக் கடினம். தன் உடம்பின் துன்பத்துக்குப் பிறர் தப்பான பெயர் வைத்துவிட்டால், குணமாவதும்கூட அவளுக்கு ஆபத்து. சிகிச்சைக்குப் போகும் பெண்களிடம் இதே இக்கட்டைக் கேட்டிருக்கிறேன். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் வரன் அமையாது, போகாவிட்டால் ‘நடிக்கிறாள்’.

ஆனாலும் அகப்பாட்டை அப்படியே இன்றைய பெண்ணுக்குப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே நோய்க்கு ஒரு தலைவன் இருக்கிறான், அவன் வந்தால் தீர்ந்துவிடும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற வீட்டாரின் யோசனையும் அதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. என் மாணவிக்குத் தலைவன் யாரும் இல்லை. தொல்காப்பியரின் நான்கு களங்களில் ஒன்றும் அவள் எதிரே இல்லை. கண்முன் காரணம் இல்லாமல் உடம்பு மட்டும் புலியைக் கண்டதுபோல் நடந்துகொள்ளும் இந்த அச்சத்துக்கு நம் இலக்கணத்தில் இடமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. களவியல் அச்சத்தை நாணம், மடம் இரண்டோடும் சேர்த்துப் பெண்ணின் இயல்பாக்கி வைத்திருக்கிறது. இயல்பென்று சொல்லப்பட்டதை நோயென்று எப்படி முறையிடுவது?

இதில் மேற்கத்திய மருத்துவத்தை உயர்த்திப் பேசவும் வேண்டாம். பெண்ணுடம்பின் விளங்காத துன்பத்தை எல்லாம் நெடுங்காலம் ‘ஹிஸ்டீரியா’ என்ற மூட்டைக்குள் போட்டுக் கட்டியவர்கள் அவர்கள். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல்தான் அந்தப் பழைய வகையைக் கைவிட்டது. அதே பதிப்பில்தான் ‘பேனிக் டிஸார்டர்’ தனி நோயாக இடம்பெற்றது. அதுவரை அவர்களிடமும் வேலன்கள்தான்.

அறிகுறிகளைச் சொல்கிறேன், உங்களுக்கோ உங்கள் அறைத்தோழிக்கோ தேவைப்படலாம். திடீரென்று தொடங்கிச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், குமட்டும். சுற்றியுள்ளவை நிஜமில்லாததுபோல் தோன்றும். இப்போதே செத்துவிடுவோம், அல்லது பைத்தியம் பிடித்துவிடும் என்ற உறுதி வரும். விரல்கள் விறைப்பதும் மரத்துப்போவதும் வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதன் விளைவு. பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முதல்முறை நெஞ்சுவலி என்றால் ‘பதற்றம்தான்’ என்று வீட்டிலிருந்துவிடாதீர்கள். இதயத்தையும் தைராய்டையும் இரத்தசோகையையும் பார்த்துவிட வேண்டும். உண்மையான மாரடைப்பையே ‘டென்ஷன்’ என்று திருப்பியனுப்பப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். பரிசோதனை சரியாக இருந்தால் ‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்றுதான் பொருள். அந்த வாக்கியத்தின் முதல் சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம்.

வந்துகொண்டிருக்கும்போது உட்காருங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். முகத்தில் கவர் வைத்து மூச்சுவிடச் சொல்வதை விட்டுவிடுங்கள். கடந்துபோகும், போன முறையும் போனது. ஆபத்து அதன் பிறகுதான் தொடங்குகிறது. மறுபடி வந்துவிடுமோ என்று பேருந்தை, தேர்வறையை, கூட்டத்தை ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்குவோம். பெண் வீட்டிலேயே அடங்கிவிட்டாள் என்றால் யாரும் அதை நோயாகப் பார்ப்பதில்லை, நல்ல பெண் என்பார்கள். தவிர்த்தவற்றைச் சிறிது சிறிதாகத் திரும்ப எதிர்கொள்ள வைக்கும் உளச்சிகிச்சைக்கும் சில மருந்துகளுக்கும் நல்ல பலன் உண்டு. மருந்துக்கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரையை நம்ப வேண்டாம், பழகிவிட்டால் விடுவது கடினம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அகமரபில் எனக்கு இன்றும் உதவுவது தோழிதான். அவள் தலைவிக்குப் பயப்படாதே என்று புத்தி சொல்லிக்கொண்டிருப்பதில்லை. கூட இருக்கிறாள், நடந்ததை அறிந்திருக்கிறாள், வேளை வந்ததும் செவிலியிடம் உண்மையைச் சொல்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். நான் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் ‘பேனிக் அட்டாக்’ என்ற சொல் ஏறவில்லை. “உங்களுக்கு எப்பவாவது இப்படி வந்திருக்காக்கா?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவள் பிறந்த வருடம் அடுப்படியில் நாலைந்து தடவை வந்தது என்றார், யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் பேய் ஓட்டக் கூட்டிப்போயிருப்பார்கள்.

மறுவாரம் மகளை மருத்துவரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அவள் வகுப்புக்கு வருகிறாள், கதவோர இருக்கையில் உட்காருகிறாள்.