தோட்டத்துத் திடலில் பராசக்தி

ஒரு திரைப்படம் காலத்தை வென்று நிற்பதற்குக் காரணம் கூற முற்படும் திறனாய்வாளர் பெரும்பாலும் படைத்தவரையே நாடுவர். இயக்குநரின் திறன், நடிகரின் ஆற்றல், உரையாடலின் வீச்சு, இசையின் இனிமை என்று அவர்தம் பட்டியல் நீளும். இவை பொய்யல்ல. ஆயினும், இவை யாவும் அமைந்திருந்தும் மறக்கப்பட்ட படங்கள் பலவுண்டு. பார்த்தவரின் பங்கு யாது என்று வினவாத வரையில் பாதி விடையே கிட்டும். அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற களம் சென்னையின் படப்பிடிப்பு நிலையங்கள் அல்ல. கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களே ஆகும்.

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் திரைப்படம் நாளும் கிடைத்த பொருளன்று. பட்டணத்துக் கொட்டகைக்குச் செல்லப் பணமும் வேண்டும், வண்டியும் வேண்டும். ஆகவே, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள் திருநாளாயிற்று. கோயில் திருவிழாவையொட்டியும் படம் காட்டும் வழக்கம் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் கிடத்தி, நள்ளிரவு வரை விழித்திருந்தனர்.

அம்மக்களின் நெஞ்சில் நிலைத்த படங்களுள் ஒன்று 'பராசக்தி'. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலுடன், 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. சிவாஜி கணேசன் திரையில் தோன்றிய முதற்படமும் அதுவே. மதுரையில் தந்தையோடு வாழும் கல்யாணி. இரங்கூனில் பிழைக்கும் அவளுடைய மூன்று தமையன்மார். தங்கையின் திருமணத்திற்கு ஒருவனுக்கு மட்டுமே கப்பற்சீட்டுக் கிடைக்கிறது. போரின் இடையூறுகளால் கப்பல் காலந்தாழ்த்தி வருகிறது. அதற்குள் அவள் கணவனையும் தந்தையையும் இழந்து, கைக்குழந்தையோடு தெருவுக்கு வந்துவிடுகிறாள்.

இக்கதையில் பால்மரமில்லை, லயமில்லை, கங்காணியுமில்லை. எனினும், தோட்டத்து மக்களுக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை. அவர்களும் அவர்தம் பெற்றோரும் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் கரையிறங்கியவர்கள். 'ரஜூலா' என்ற கப்பற்பெயர் அவர்கள் வீடுகளில் உறவினர் பெயர்போல் வழங்கியது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. 1941 இறுதியில் போர் வந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. போர் ஓய்ந்த பின்னும், 1953 முதல் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. ஊரில் விட்டு வந்த தங்கை என்னவானாள் என்பதை அறியாத அண்ணன்மார் அத்திடலில் பலர் அமர்ந்திருந்தனர். திரையில் கல்யாணி தள்ளாடியபோது, கடிதம் வராத ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விடை கிடைத்தது. அது கொடிய விடை, ஆயினும் விடையே.

'பராசக்தி' பூசாரியின் பொய்ம்மையைச் சாடும் படம். அதனைக் கோயில் கட்டி வழிபடும் மக்கள் ஏற்றதெங்ஙனம் என்று கேட்கலாம். ஈ.வெ.ரா. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்து பேசியவர். தன்மானக் கருத்துகள் இங்கும் வேரூன்றியிருந்தன. அது ஒரு காரணம். பிறிதொரு காரணமும் உண்டு. ஆதரவற்ற பெண்ணிடம் அதிகாரம் படைத்தவன் கைநீட்டும் காட்சியில் தோட்டத்துப் பெண்கள் கண்டது இறைமறுப்பை அன்று. தாங்கள் அறிந்த அச்சத்தை. படைத்தவர் கருதிய பொருளும் பார்த்தவர் கொண்ட பொருளும் வேறாதல் கூடும். அவ்வாறு வேறாகியும் சிதையாத படமே நிலைக்கிறது.

மொழியும் அதற்குத் துணைநின்றது. தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டுக் கல்வியோடு தமிழ்ப்படிப்பு நின்றுபோனவர்களுக்குத் திரை உரையாடல் இரண்டாவது பள்ளியாயிற்று. நீதிமன்றக் காட்சியின் சொற்பெருக்கை மனப்பாடமாக ஒப்புவித்தல் மேடைக்குரிய திறனாக மதிக்கப்பட்டது. நாளெல்லாம் கிராணியின் முன் குனிந்து நின்ற ஒருவன், அவ்வுரையைச் சொல்லும் சில நிமிடங்களேனும் நிமிர்ந்து நின்றான். கொண்டு செல்லக்கூடிய சொல்லைத் தந்த படம், திரை அவிழ்க்கப்பட்ட பின்னும் வாழ்ந்தது.

இவ்வளவும் கூறியபின் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடனாகும். 1965இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' அடிமைகளாக விற்கப்பட்டோரின் கதை. எம்.ஜி.ஆர். ஏற்ற மணிமாறன் என்னும் மருத்துவன் அவர்களுக்கு விடுதலை தேடித் தருகிறான். ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோர் அதனைக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால், கெடாவின் வரலாறு கூறுவது வேறு. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்து, காவல்துறையின் அடக்குமுறைக்கு ஆளாயிற்று. அங்குத் திரண்டது ஒருவனல்லன், ஆயிரவர். அவ்வாயிரவரின் பிள்ளைகள், மீட்சி என்றால் ஒற்றை நாயகன் வருவான் என்று திரையில் கற்றனர். 1969இல் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் பல்லாயிரவர் மீண்டும் கப்பலேற நேர்ந்தபோது எந்த நாயகனும் வரவில்லை. வெகுமக்கள் படம் ஆறுதல் அளித்தது, வரலாற்றை அளிக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை இந்நாட்டுப் படைப்பாளிகளே நிரப்ப வேண்டியிருந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தோட்டத்தை இழந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பங்களில் 1990களில் வளர்ந்த சிறுவனின் கதை அது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதினைப் பெற்றது. மலாய்ச் சொற்கள் விரவிய இந்நாட்டுத் தமிழை அது நாணமின்றிப் பேசிற்று. 'பராசக்தி'யைப் பார்த்தவர் தம் வாழ்வைக் கொணர்ந்து கதையின் இடைவெளியை நிரப்பினர். 'ஜகாட்'டில் அவ்வாழ்வே கதையாயிற்று. ஆயினும், அது நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது விருதன்று. அதன் சொற்களை எவரேனும் வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனரா என்பதே அளவுகோல்.

இன்று கெடாவின் பல தோட்டங்களில் பால்மரத்தின் இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. திடலில் பாய் விரித்தவர்கள் சுங்கை பட்டாணியின் அடுக்கு வீடுகளில் முதுமையெய்தியுள்ளனர். 'பராசக்தி'யை இன்றும் விரும்பும்போது காணலாம். அழிந்து வருவது அப்படமன்று. அதனைக் கண்டு அழுதவர் யாரை நினைந்து அழுதார் என்ற செய்தியே அழிந்து வருகிறது. கதையின் மறுபாதி அச்செய்தியில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் இந்நாட்டுத் தமிழ்த் திறனாய்வின் முதற்கடமையாகும்.