ஒரே டீ, இரண்டு விலை

பழைய டெல்லியில் சாவ்ரி பஜார் பக்கம் போனால், காகிதக் கடைகளில் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகங்களை இன்றும் பார்க்கலாம். பஹி காத்தா என்பார்கள். 2019-இல் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டைச் சிவப்புத் துணியில் சுற்றி நாடாளுமன்றத்துக்கு எடுத்துவந்தபோது நம் ஊரிலும் அந்தப் பெயர் அடிபட்டது. அதில் எழுதும் கணக்குப்பிள்ளைக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. சரக்கு விற்ற அன்றைய விலையை எழுதுவார். நாளைக்கு விலை ஏறினால் நேற்றைய பக்கத்தைத் திருத்த மாட்டார்.

இணையக் கடை டேட்டாபேஸ்களோடு டெல்லியில் பல வருஷம் பழகியவன் நான். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் பழக நல்ல பயிற்சித் தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், வியாபாரத்தின் கைரேகை படிந்த தரவைத் தேடுங்கள் என்பேன். எல்லாம் ஒழுங்காக அடுக்கிய தரவில் கட்டளைகளைப் பழகலாம். கணக்கைப் பழக முடியாது.

அப்படிப்பட்ட தரவுகளில் எனக்கு முதல் காதல், மைக்ரோசாஃப்ட் தந்த நார்த்விண்ட் மீதுதான். ஓர் உணவுப்பொருள் வியாபார நிறுவனத்தின் கற்பனைக் கணக்கு அது. 77 பொருள்கள், 91 வாடிக்கையாளர்கள், 830 ஆர்டர்கள். ஒரு மாலைக்குள் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். பொருள் பட்டியலில் முதல் எண்ணில் இருப்பது என்ன தெரியுமா? சாய். டெல்லிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

அந்த டீயில்தான் பாடமும் இருக்கிறது. பொருள் டேபிளில் அதன் விலை 18 டாலர். ஆனால் 1996-ஆம் வருஷத்து ஆர்டர்களின் விவர டேபிளைத் திறந்தால், அங்கே 14.40 என்று நிற்கிறது. விற்ற எண்ணிக்கையைப் பொருள் டேபிளின் விலையால் பெருக்குகிறவர், 10 பெட்டி விற்ற 144 டாலரை 180 ஆக்கிவிடுவார். குவெரி ஓடும், பிழைச்செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தப்பு. விலையை இரண்டு இடத்தில் வைத்தவர் அந்தக் கணக்குப்பிள்ளையின் ஒழுக்கத்தை அறிந்தவர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த அமைப்பு அலுப்பதில்லை.

அடுத்த படிக்கு, பிரேசிலின் ஒலிஸ்ட் நிறுவனம் காகிள் தளத்தில் பொதுவில் வைத்த தரவு. 2016 முதல் 2018 வரை, சுமார் ஒரு லட்சம் நிஜ ஆர்டர்கள், பெயர்கள் மறைக்கப்பட்டு. மறுபடி வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று வாடிக்கையாளர் எண்ணை வைத்து எண்ணிப்பாருங்கள். ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்! காரணம், அங்கே ஒவ்வோர் ஆர்டருக்கும் புது வாடிக்கையாளர் எண். ஆளை அடையாளம் காட்டும் எண் வேறொரு நெடுவரிசையில் இருக்கிறது. டேபிளின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம், இங்கே ஒருமுறை ஏமாந்தவருக்குத் தானே வந்துவிடும்.

அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், டேபிள்களை இணைக்கும் ஜாயின் நம்மைக் கவிழ்த்துவிடும். ஓர் ஆர்டரில் 3 பொருள். வாங்கியவர் பாதிப் பணத்தை கிஃப்ட் கார்டிலும் மீதியை யுபிஐயிலும் கட்டினார். ஆர்டர், பொருள், கட்டணம் மூன்று டேபிள்களையும் ஒரே மூச்சில் இணைத்தால் 6 வரிசைகள் வரும். கட்டிய 1,000 ரூபாய் 3,000 என்று கூடிவிடும். கட்டணத்தை ஆர்டர் வாரியாகத் தனியே கூட்டி, பொருளையும் அப்படியே கூட்டி, பிறகு இணைப்பதுதான் கைதேர்ந்தவர் வழி. அப்படி எழுதிய குவெரியைப் படிக்கும்போது, தையல் வெளியே தெரியாதபடி தைத்த ரவிக்கையைப் பார்ப்பது போல இருக்கும்.

இதுவரை பார்த்தது விற்ற பிறகு போடும் கணக்கு. விற்கும்போதே, கடைசி ஒரு பொருளை ஒரே நொடியில் இருவர் வாங்க வந்தால்? இந்தக் கேள்வி டெல்லிக்குப் பழையது. 1985-இல் ரயில்வேயின் கணினி முன்பதிவு புதுடெல்லியில் தொடங்கியபோதே, ஒரு பெர்த்துக்குப் பல கவுண்டர்கள் போட்டியிட்டன. விடையின் ஒரு வடிவம் ஒற்றை வரி: இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை. எத்தனை வரிசை மாறியது என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால் பொருள் உங்களுக்கு. பூஜ்யம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார். இருப்பைப் பார்ப்பதும் குறைப்பதும் ஒரே அப்டேட்டுக்குள் நடப்பதால் நடுவில் இன்னொருவர் நுழைய இடமில்லை. இதன் உள்விவகாரத்துக்குப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேட்டில் ஒரே சமயத்தில் பலர் இயங்குவதைப் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். இலவசம், அத்தனை தெளிவும்கூட.

புத்தகம் வேண்டுமென்றால் நம்மவர்களே எழுதியிருக்கிறார்கள். ஐஐடி பம்பாய்ப் பேராசிரியர் எஸ். சுதர்சன், சில்பர்ஷாட்ஸ், கோர்த் இருவரோடும் சேர்ந்து எழுதிய பாடநூல் உலகெங்கும் வகுப்பில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் படித்த ரகு ராமகிருஷ்ணன், யோஹானஸ் கெர்க்கேயோடு எழுதியதும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலை டெல்லியின் மஹிலா ஹாட் பழைய புத்தகச் சந்தையில் பொறுமையாகத் தேடினால் பழைய பதிப்புகள் கண்ணில் படலாம். தரவை டேபிள்களாக வைக்கும் யோசனையை முன்வைத்து 1970-இல் காட் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த அடிப்படைகள் மாறவில்லை. பழைய பதிப்பே போதும்.

ஆயிரம் கேள்வி போட்டுப் பார்ப்பதைவிட, ஒரு தரவோடு ஆறு மாதம் குடியிருப்பது மேல். எஸ்க்யூலைட் டேட்டாபேஸை இலவசமாக இறக்கி, நார்த்விண்டை ஏற்றி, இன்றிரவே டீ விற்ற கணக்கைக் கேளுங்கள். குவெரியை ஓட்டுமுன் என்ன விடை வரவேண்டும் என்று ஓர் ஆர்டருக்காவது கையால் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை எழுந்திருக்காதீர்கள்.